மாடியில் போர்டு, ஜி.எச்.சில் புதன்கிழமை: சின்ன ஊரில் மனநல சமூகப் பணியாளரைத் தேடியபோது

தம்பி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் நடக்க ஆரம்பித்தான். அந்த மாதம்தான் இந்தத் தேடலில் இறங்கினேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன ஊர் எங்களுடையது.

முதலில் கண்ணில் பட்டது பஸ் ஸ்டாண்டு மாடியில் இருந்த கவுன்சலிங் சென்டர். ஏ.சி., சோபா, காத்திருக்க வேண்டாம், ஒரு தடவைக்கு 800 ரூபாய். படிப்பு என்னவென்று கேட்டேன். அங்கிருந்த கவுன்சலர் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். மூன்று மாத டிப்ளமோ! 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநல சமூகப் பணியாளர் என்றால் சமூகப் பணியில் முதுகலை முடித்து, அதற்கு மேல் 2 வருட முழுநேர எம்.ஃபில். பயிற்சியும் வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். உள்ளவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

அடுத்து ஜி.எச். மாவட்ட மனநலத் திட்டக் குழு எங்கள் ஊருக்குப் புதன்கிழமை மட்டும்தான் வரும். வரிசையில் பக்கத்துத் தெரு அக்கா நிற்பார், "யாருக்குப்பா?" என்பார். டாக்டர் நாலு நிமிஷம் பார்த்தார். ஆனால் அடுத்த தடவை போனபோது பக்கத்து மேஜையில் இருந்த சமூகப் பணியாளர் முக்கால் மணி நேரம் பேசினார். நோயைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "வீட்ல யாரு சமைக்கிறா? அப்பாகிட்ட பேசுவியா? கடன் ஏதும் இருக்கா தம்பி?" மூன்றாவது கேள்விக்குத் தம்பி தலை குனிந்தான். ஆன்லைன் ஆப்பில் வாங்கிய கடன், எங்கள் யாருக்கும் தெரியாது. மாடியில் 800 ரூபாய் வாங்கியவர் கடைசி வரை கேட்காத கேள்வி அது.

14416 வேறு ரகம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவி எண், டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு வேறு யார் எடுப்பார்கள்? எங்களுக்கு ஒவ்வொரு முறையும் வேறு குரல்தான் வந்தது, கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நடுராத்திரிக்கு அது போதும். மாதக்கணக்கில் கூடவே வர ஓர் ஆள் வேண்டும்.

சென்னையில் இருப்பவரிடம் வீடியோவில் பேசுவதும் ஒரு வழி. படிப்பு சுத்தம், ஊர்க்கண் படாது. ஆனால் எங்கள் வீட்டில் கதவு சாத்திப் பேச ஓர் அறை கிடையாது. தம்பி மோட்டார் ரூமில் நின்று பேசினான், சிக்னல் போய்ப் போய் வந்தது. ரெண்டு தடவையோடு சரி.

மனநோய் தீரும் என்று நம்பி மக்கள் போகும் குணசீலம் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார் அம்மா. போனோம். மாத்திரையும் பையில் இருந்தது.

என் ஓட்டு புதன்கிழமைக்குத்தான். ஊர்க்கண் உறுத்தினால் பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போகலாம். என்றைக்கு முகாம் என்று முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஓ.பி. சீட்டு போடும்போதே "டாக்டர் மட்டுமில்ல, சமூகப் பணியாளரையும் பார்க்கணும்" என்று சொல்லிவிடுங்கள். முதல் தடவை நாங்கள் சொல்லாததால் மாத்திரையோடு திரும்பி வந்து, இன்னொரு புதன்கிழமைக்குக் காத்திருந்தோம்.