முற்றிய இதயச் செயலிழப்பு: முதலில் சாக்குபிட்ரிலா, டாபாக்லிஃப்ளோசினா?

ஒருவருக்கு இதயத்தின் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 25 சதவீதம். பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன், நீர் மாத்திரை எல்லாம் ஓடுகின்றன. ஆனாலும் குளித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. இந்நிலையில் சேர்க்கக்கூடிய இரண்டு இதயச் செயலிழப்பு மருந்துகள்: சாக்குபிட்ரில் (வல்சார்டனோடு சேர்ந்த மாத்திரை), டாபாக்லிஃப்ளோசின் (சர்க்கரை நோய்க்கும் கொடுப்பது). முடிந்தால் இரண்டையும் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்ததே. எதை முதலில் என்பதுதான் கேள்வி. என் ஓட்டு டாபாக்லிஃப்ளோசினுக்கு.

ஆய்வு எண்களை நேருக்கு நேர் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. 2014இல் வெளிவந்த பாரடைம் ஆய்வில் (8,399 பேர்) இதயநோய் மரணமோ இதயச் செயலிழப்புக்கான மருத்துவமனைச் சேர்க்கையோ வழக்கமான மருந்தான எனலாப்ரில் பிரிவில் 26.5 சதவீதம், சாக்குபிட்ரில்-வல்சார்டன் பிரிவில் 21.8. 2019இன் டாபா ஆய்வில் (4,744 பேர்) வெற்று மாத்திரைப் பிரிவில் 21.2, டாபாக்லிஃப்ளோசின் பிரிவில் 16.3. முன்னது மோதியது வேலை செய்யும் மருந்தோடு, பின்னது வெற்று மாத்திரையோடு.

முற்றிய நிலையில் தீர்ப்பு சொல்வது ரத்த அழுத்தம். மேல் அளவு 96இல் நிற்பவருக்கு சாக்குபிட்ரில்-வல்சார்டனை 50 மி.கி. இருவேளை தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கொரு முறை இரட்டித்து 200க்கு ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் அழுத்தம், பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டும் அளவு) பார்க்க வேண்டும். பாதியில் தலைசுற்றல் வரும். உடனே பீட்டா பிளாக்கரைக் குறைத்துவிடுவது வழக்கமான தவறு. கால் வீக்கமும் கழுத்து ரத்தக்குழாயின் புடைப்பும் இல்லையென்றால் முதலில் ஃபுரோசெமைடை (நீர் மாத்திரை) குறைத்துப் பாருங்கள். பல நேரம் அதிலேயே அழுத்தம் ஏறிவிடும். இன்னொரு கண்ணி: எனலாப்ரில், ராமிப்ரில் நிறுத்தி 36 மணி நேரம் ஆகாமல் இதைக் கொடுத்தால் நாக்கும் தொண்டையும் வீங்கலாம். பழைய அட்டையில் மிஞ்சிய நாலு மாத்திரையை வீட்டில் சேர்த்துக் கொடுப்பதுதான் ஆபத்து. அட்டையை வாங்கி எறிந்துவிடுவது நல்லது.

பாரடைம் ஆய்வில் சேர்வதற்கு முன்பே எனலாப்ரில், சாக்குபிட்ரில்-வல்சார்டன் இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்தில் ஒருவர் அங்கேயே கழன்றுகொண்டார். மிஞ்சியவர்களில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும் நான்காம் வகுப்பினர் ஒரு சதவீதம்கூட இல்லை. அவர்களை மட்டுமே எடுத்துக்கொண்ட லைஃப் ஆய்வில் (335 பேர், 24 வாரம்) வல்சார்டனைவிட சாக்குபிட்ரில்-வல்சார்டன் என்டி-ப்ரோபிஎன்பி (இதயத்தின் சுமையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவைக் கூடுதலாக இறக்கவில்லை. பொட்டாசியம் ஏறியவர்கள் மட்டும் வல்சார்டன் பிரிவின் 9 சதவீதத்துக்கு எதிராக 17. நாளொன்றுக்கு நூறு மி.கி.கூடத் தாங்காமல் தொடக்கத்திலேயே விலகியவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர்.

டாபாக்லிஃப்ளோசினில் இந்தப் படியேற்றமே கிடையாது. 10 மி.கி., தினம் ஒருமுறை, முதல் நாளே முழு அளவு. அழுத்தம் இறங்குவது ஓரிரு புள்ளிதான். பலன் 28 நாளிலேயே புள்ளிவிவரத்தில் தெரிந்தது. முதல் சில வாரம் கிரியாட்டினின் சற்று ஏறும். பயந்து நிறுத்த வேண்டாம். நீர் மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கிறதா என்று தினசரி எடை சொல்லும். சிக்கல் வேறு இடத்தில்: வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பாடு இறங்காத நாட்களில் நிறுத்திவைக்க வேண்டும், அறுவை சிகிச்சைக்கு 3 நாள் முன்பும். இல்லாவிட்டால் சர்க்கரை 180இல் இருக்கும்போதே கீட்டோ அமிலம் ஏறலாம், குளுக்கோமீட்டரை நம்பி ஏமாந்துபோவீர்கள். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வருவதால் கழுவிச் சுத்தமாக வைக்கச் சொல்ல வேண்டும். டைப் 1 சர்க்கரைக்காரருக்குக் கொடுக்கக் கூடாது. இந்தியாவில் 2020இல் காப்புரிமை முடிந்ததால் மலிவு விலையிலும் கிடைக்கிறது.

ஆனால் டாபா ஆய்விலும் நான்காம் வகுப்பினர் ஒரு சதவீதத்துக்குக் கீழே. மேல் அளவு 95க்குக் குறைந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. 86இல் இருப்பவருக்குக் கொடுக்கும்போது நாம் செய்வது ஊகம்தான்.

ரத்தக்குழாயைத் தளர்த்தும் இன்னொரு மருந்தான வெரிசிகுவாட்? 2020இன் விக்டோரியா ஆய்வில் அதே மரணமோ சேர்க்கையோ வெற்று மாத்திரைப் பிரிவில் 38.5 சதவீதம், வெரிசிகுவாட் பிரிவில் 35.5. உணவோடு 2.5 மி.கி. தொடங்கி 10 வரை ஏற்ற வேண்டும், சில்டெனாஃபிலோடு சேராது. மூன்றாவது வரிசை. ‘இதயத்துக்கு வலு’ என்று வாய்வழி மருந்தைத் தேடுவோருக்கு 1991இன் மில்ரினோன் ஆய்வு போதும்: மரணம் 28 சதவீதம் கூடியது.

மேல் அளவு 110க்கு மேல், பொட்டாசியம் 5க்குக் கீழ், இரண்டு வாரத்துக்கொரு முறை ரத்தப் பரிசோதனைக்கு வரக்கூடியவர் என்றால் சாக்குபிட்ரிலையே முதலில் தொடங்கலாம். இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 25க்குக் கீழே இறங்கிவிட்டவருக்கு டாபாவைப் புதிதாகத் தொடங்க வேண்டாம்.