ஈர்ப்பு அலையைப் பிடிக்க பலூனா, ராடாரா?

வளிமண்டல ஈர்ப்பு அலைகளில் (மேலே தள்ளப்பட்ட காற்றைப் புவியீர்ப்பு கீழே இழுக்க, காற்றில் எழும் ஏற்ற இறக்கங்கள்) புராஜெக்ட் எடுக்கும் சென்னை மாணவர்களின் குழப்பம் இது: மீனம்பாக்கம் வானிலை பலூன் தரவா, திருப்பதி பக்கத்து காதங்கியில் காற்றின் அசைவை அளக்கும் ராடாரா?

செலவு: பலூன் தரவு இணையத்தில் இலவசம். ராடார் தரவுக்கு விண்ணப்பம், காத்திருப்பு.

உயரம்: பலூன் சுமார் 30 கி.மீ. போய் வெடிக்கும். ராடாருக்கு 20 வரை தெளிவு.

நேரம்: பலூன் காலை 5.30, மாலை 5.30-ஐ ஒட்டி இரண்டே முறை. இங்கேதான் உதைக்கிறது. சில அலைகள் பத்தே நிமிடத்தில் ஏறி இறங்கிவிடும். காதங்கியின் 53 மெகாஹெர்ட்ஸ் ராடார் அந்த மேல்-கீழ் அசைவை நேரடியாகக் காட்டும். அலையும் காற்றும் ஒரே வேகத்துக்கு வரும் உயரத்தில் அலை உடைந்து, தன் உந்தத்தைக் காற்றிடம் விட்டுவிடும். அதைத் தேட ராடார்தான் சரி.

வெப்பநிலை வேண்டுமா? பலூன்.

ஒரு செமஸ்டர் வேலைக்கு பலூன் போதும். முனைவர் பட்டம் என்றால் திருப்பதி பஸ் ஏறுங்கள்.