சர்வதேச உறைவிடப் பள்ளியில் முதல் பருவம்: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

என் மகள் பதினோராம் வகுப்பில் ஒரு சர்வதேச உறைவிடப் பள்ளியில் சேர்ந்து ஒரு பருவம் முழுதாக முடிந்துவிட்டது. ஆய்வகம், நூலகம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றைப் பள்ளியின் கையேடே விரிவாகச் சொல்லிவிடுவதால், வீட்டை முதன்முறையாகப் பிரிந்து வரும் பிள்ளையைப் பள்ளி எப்படிப் பழக்கி எடுக்கிறது என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

விடுதியைப் பொறுத்தவரை முதல் வாரத்துக்குக் குறையே சொல்ல முடியாது. வெவ்வேறு நேர மண்டலங்களிலிருந்து வரும் பிள்ளைகளின் உடல் புதிய இரவு பகலுக்குப் பழகுவதற்குச் சில நாட்கள் ஆகும் என்பதை உணர்ந்து, வகுப்புகள் தொடங்குவதற்கு நான்கு நாட்கள் முன்னதாகவே விடுதியைத் திறந்துவிட்டார்கள். புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த மாணவரைத் துணையாக அமர்த்தினார்கள். என் மகளுக்குத் துணையாக வந்த பெண், சலவைப் பையில் எண் எழுதுவது, இழுப்பறைப் பூட்டின் சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொள்வது, குளியலறையில் கூட்டம் குறைவாக இருக்கும் நேரம் எது என்பது போன்ற சிறுசிறு விஷயங்களை ஒரே மாலையில் கற்றுக்கொடுத்துவிட்டாள். அந்த வயதுப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் இவைதான்.

சிக்கல் மூன்றாம் வாரத்தில் தொடங்கியது. புதிய நாட்டில் குடியேறுவோர் முதலில் எல்லாவற்றையும் வியந்து பார்ப்பதையும், அதன்பின் எரிச்சலும் ஏக்கமும் வந்து சேர்வதையும் மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க் 1960-இல் வெளிவந்த தம் கட்டுரையில் விவரித்திருக்கிறார். இந்தப் பள்ளியோ வரவேற்பு வாரம் முடிந்ததுமே துணை மாணவர் ஏற்பாட்டையும் முடித்துக்கொண்டது. பிள்ளைக்குத் துணை மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அது இல்லாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மகளின் குரல் கம்மிப்போவதைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் நாங்கள் இருந்தோம்.

அப்போது கைகொடுத்தவர் விடுதிக் காப்பாளர். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. விடுதியின் பிறந்தநாள் பலகையை எழுதும் பொறுப்பை மகளிடம் ஒப்படைத்து, ஒவ்வொருவர் பெயரையும் அவரவர் தாய்மொழியின் எழுத்திலேயே எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதற்காக அறை அறையாகப் போய், பெயரை எப்படி எழுதுவது, எப்படி உச்சரிப்பது என்று கேட்டு, அரபு எழுத்தை வலமிருந்து இடமாகவும் கொரிய எழுத்தைக் கட்டம் கட்டமாகவும் எழுதிப் பழகியதில், பத்தே நாளில் அவளுக்கு விடுதி முழுவதும் அறிமுகமாகிவிட்டது. கடைசியாகத் தன் பெயரைத் தமிழில் எழுதி, அதைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்பினாள். இந்தக் காப்பாளருக்காகவே இப்பள்ளியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

படிப்பைப் பற்றியும் ஒரு சொல். பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கான சர்வதேசப் படிப்பான ஐபி டிப்ளமாவில் ஆறு பாடங்களோடு 4,000 சொற்கள் வரையிலான ஆய்வுக் கட்டுரையும், ஒன்றை நாம் எப்படி அறிகிறோம் என்று ஆராயும் அறிவுக் கோட்பாடும், சமூகப் பணி உள்ளிட்ட செயல்பாடுகளும் உண்டு. இவை அனைத்தையும் மூன்றாம் நாளே ஒரே கூட்டத்தில் சொல்லி முடித்தது பிள்ளைகளை மிரட்டுவது போலாகிவிட்டது. சற்றுப் பொறுத்துச் சொல்லியிருக்கலாம்.

கைபேசி விதியில் எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. இரவு ஒன்பது மணிக்குக் கைபேசிகளை வாங்கி வைப்பது தூக்கத்துக்கு நல்லது என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் எங்கள் ஊருக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள நேர வேறுபாட்டில், நாங்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் வேளையில் அங்கே கைபேசி பெட்டிக்குள் போயிருக்கும். எழுதிக் கேட்டபின், வாரத்துக்கு இரண்டு நாள் காலையில் அழைக்க அனுமதித்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக எழுதிக் கேட்டால்தான் இது கிடைக்கும் என்ற நிலை மாற வேண்டும்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். எந்த உறைவிடப் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தாலும், ஒரு காப்பாளரின் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், ஞாயிறு மாலையில் விடுதியில் யார் இருப்பார்கள், துணை மாணவர் ஏற்பாடு எத்தனை வாரம் நீடிக்கும் என்ற மூன்றையும் கட்டணம் செலுத்தும் முன்பே கேட்டுவிடுங்கள்.