முதுகுக்கு நிம்மதி, தொடைக்கு ரணம்: எக்ஸோ சூட் அனுபவம்

சுமை தூக்கும்போது முதுகுக்குத் துணையாக உடம்பில் மாட்டிக்கொள்கிற உடுப்புதான் எக்ஸோ சூட். என்னுடையதில் தொடைப் பட்டை இரண்டிலும் வெல்க்ரோ பிடிக்காமல் போய், போன வாரம்தான் இரண்டையும் மாற்றினேன். விற்ற கம்பெனி பட்டையைத் தனியாகத் தர முடியாது என்று கையை விரித்துவிட்டது. கடைசியில் கொருக்குப்பேட்டையில் ஸ்கூல் பை தைப்பவர்தான் தைத்துக் கொடுத்தார். கம்பெனிப் பட்டையைவிட நன்றாகவே இருக்கிறது.

எனக்கு மணலி குடோனில் அரிசிச் சிப்பம் இறக்குகிற வேலை. சூட்டில் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. குனிந்தால் முதுகுப் பக்க எலாஸ்டிக் இழுபடும், நிமிரும்போது அதுவே தூக்கிவிடும். முதுகு விஷயத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் ஷிப்ட் முடிந்தால் ஷூ கழற்றக் குனிவதே பெரும்பாடு. இப்போது வீட்டுக்குப் போய் தண்ணி லாரியில் குடம் பிடித்துத் தூக்கி வருகிறேன்.

ஆனால் அந்தத் தொடைப் பட்டை! இறுக்கிக் கட்டினால்தான் எலாஸ்டிக் வேலை செய்யும். மே மாதம், தகர ஷெட்டுக்குள் இறுக்கிக் கட்டிப் பாருங்கள். முதலில் வேர்க்குரு, அப்புறம் தோலே உரியும். தளர்த்தினாலோ சரசரவென்று மேலேறி இடுக்கில் போய் உட்காரும். டிசைன் பண்ணினவர் ஏசி ரூமை விட்டு வெளியே வந்திருக்கவே மாட்டார்.

பட்டாளத்தில் இருக்கும் எங்கள் தெருப் பையன் லீவில் வந்தபோது கேட்டான்: "அண்ணே, இது மாதிரி எங்களுக்கும் வரப் போவுதாமே, இன்னா சொல்றீங்க?"

அமெரிக்காக்காரன் இதில் கொட்டாத காசில்லை. 2009-ல் லாக்ஹீட் மார்ட்டின் என்கிற ஆயுதக் கம்பெனி காட்டிய ஹல்க் என்ற ரோபோ கால் சூட், 90 கிலோ சுமையை டைட்டானியம் கால் வழியாகத் தரைக்கு இறக்கியது. படையில் புழக்கத்துக்கு வரவில்லை. 2013-ல் டாலோஸ் என்று முழுக் கவச உடுப்பை அறிவித்தார்கள். 2019-ல் உடுப்பு வராமலே கடையைச் சாத்தினார்கள். 2022-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து காட்டிய சேபர் என்கிற சூட் என்ன தெரியுமா? என்னுடையது போலவே பேட்டரியில்லாத எலாஸ்டிக், ஒன்றரைக் கிலோகூட வராது. பீரங்கிப் படைக்காரர்களிடம்தான் கொடுத்துப் பார்த்தார்கள். 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்று ஏறக்குறைய 45 கிலோ. அதாவது, அங்கேயும் லோடுமேனுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

குண்டு இறக்குகிற இடத்தில் இது நிற்கும் என்றுதான் பையனிடம் சொன்னேன். ஓடி, படுத்து, தவழ்கிறவனுக்கு இது தொல்லை. அவன் இருப்பது பனியில், வேர்க்குரு வராது. ஆனால் தடித்த குளிர் உடுப்புக்கு மேல் பட்டை நழுவாமல் நிற்குமா? கையுறையோடு ஒரே இழுப்பில் கழற்ற வருமா? ராணுவம் அதை முதலில் சோதிக்கட்டும், ரோபோ கால் அப்புறம்.

இப்போது விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்றால், வேண்டாம். அந்தப் பட்டையை மாற்றுகிறவரை அந்தக் கம்பெனிக்கு என் வாயால் ஆள் பிடித்துத் தர மாட்டேன். என்னுடையதை இரவல் கேட்டும் வராதீர்கள், இன்றைக்கு நைட் ஷிப்ட் இருக்கிறது.