ஒரு நாள்தான் இருக்கிறது: ஹோயா, பர்ஸேயா?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஆர்க்னித் தீவுகளில், மே மாதம் கடலோரமாக நடக்க ஒரே ஒரு நாள் கிடைத்தால் எங்கே போவது? ஸ்ட்ராம்னஸ் ஊரில் தங்குகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது. ஒன்று, படகேறி ஹோய் தீவுக்குப் போய், கடலில் தனியாக நிற்கும் ‘ஓல்ட் மேன்’ பாறைத் தூணைப் பார்த்துவிட்டு வருவது. இன்னொன்று, பெரிய தீவின் மேற்குக் கரையிலேயே மார்விக் ஹெட் குன்றேறி, பர்ஸே ஊர் வழியாக, கடல் வற்றும்போது மட்டும் நடந்து கடக்கக்கூடிய ப்ராக் ஆஃப் பர்ஸே என்ற குட்டித் தீவு வரை போவது. இந்த மே மாதம் நாங்கள் போனது பர்ஸேக்கு. மறுபடி போனாலும் அங்கேதான்.

கம்பீரம் என்று பார்த்தால் ஹோய்தான், அதில் பேச்சே இல்லை. ஓல்ட் மேன் 137 மீட்டர் உயரம். எரிமலைப் பாறை அடித்தளத்தின்மேல் சிவந்த மணற்கல் அடுக்கடுக்காக ஏறி நிற்கிறது. 1966இல்தான் முதன்முதலாக அதன் உச்சியை எட்டினார்கள். எதிரே கரை விளிம்பில் நின்று பார்த்தால் வயிற்றைப் பிசையும். ஆனால் நான் அங்கே போனது ஒரே முறை, அதுவும் செப்டம்பரில். அதனால் வசந்தகால ஹோயைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது சரியாகாது.

மார்விக் ஹெட்டில் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் விஷயம் தெரியும். மீனும் எச்சமும் கலந்த நெடி காற்றோடு மேலே ஏறி வரும். அப்புறம் இரைச்சல். விளிம்புக்குச் சற்றுத் தள்ளி முழங்காலிட்டுக் கீழே பார்த்தால், ஒவ்வொரு பாறைப் படியிலும் கில்லிமாட் பறவைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. அவை கூடே கட்டுவதில்லை, வெறும் பாறையிலேயே முட்டை. கிட்டிவேக் பறவை தன் பெயரையே கத்திக்கொண்டு பறக்கும். பாறை இடுக்குகளில் த்ரிஃப்ட் பூ இளஞ்சிவப்பாக, பந்து பந்தாக. செப்டம்பரில் போனால் இதில் முக்கால்வாசி இருக்காது. உச்சியில், முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்த கிச்சனரின் நினைவுக் கோபுரம். 1916 ஜூன் 5 அன்று அவர் பயணம் செய்த ஹாம்ப்ஷைர் போர்க்கப்பல் இந்தக் கரைக்கு அப்பால்தான் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. 737 பேர் இறந்தார்கள், தப்பியவர்கள் 12 பேர்தான். கோபுரத்தைச் சுற்றிய தாழ்வான சுவரில் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

சரி, எங்கள் முடிவு எதனால் என்று சொல்கிறேன். இரண்டு நடைகளும் நேரத்துக்குக் கட்டுப்பட்டவை. ஹோயில் படகு நேரம், பர்ஸேயில் கடல் வற்றும் நேரம். படகு காற்றைப் பொறுத்தது. செப்டம்பரில் முதல் நாள் காலை துறைக்குப் போனபோது, காற்று பலமாக இருக்கிறது, சின்னப் படகு இன்று ஓடாது என்றார்கள். கையில் மூன்று நாள் இருந்ததால் மறுநாள் போனோம். ஒரு நாள்தான் என்றால் அதோடு போயிற்று. போன பிறகும் நிம்மதி இல்லை. படகு இறக்கிவிடும் மோனஸ் துறையிலிருந்து ராக்விக் என்ற சிற்றூர் வரை பள்ளத்தாக்கு வழியே ஏழெட்டுக் கிலோமீட்டர், அங்கிருந்து தூணுக்குப் போக வர 9 கிலோமீட்டர், மறுபடி துறைக்கு நடை. தூணின் எதிரே உட்கார்ந்தது இருபது நிமிடம். அதிலும் பாதி நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படகை விட்டால் இரவு அங்கேதான்.

கடல் வற்றும் நேரம் அப்படி இல்லை. எப்போது வற்றும் என்று மாதக்கணக்கில் முன்பே அட்டவணையில் இருக்கிறது. நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். நன்றாக வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் சுமார் இரண்டு மணி நேரம், குட்டித் தீவுக்குப் போகும் பாதை தண்ணீருக்கு வெளியே இருக்கும். எங்களுக்கு மதியம் இரண்டரைக்கு வற்றம். அதை நடுவில் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். மேற்கிலிருந்து பெரிய அலை வந்தால் அந்த நேரமும் சுருங்கும், கடக்கவே முடியாமலும் போகலாம். போனாலும் என்ன போகும்? கடைசி ஒரு கிலோமீட்டர். குன்று, பறவைகள், பர்ஸேயில் பதினாறாம் நூற்றாண்டு மாளிகையின் இடிந்த சுவர்கள் எல்லாம் அதற்குள் பார்த்து முடிந்திருக்கும். படகு ஓடாவிட்டால் நாளே போய்விடும்.

அந்தக் கான்கிரீட் பாதை குறுகலானது. இரண்டு பக்கமும் பழுப்பு நிறக் கடற்பாசி, காலை வைத்தால் வழுக்கும். பாறைக் குழிகளில் தேங்கிய நீர் அடிவரை தெளிவு. அக்கரையில், ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த நோர்ஸ் மக்கள் வாழ்ந்த வீடுகளின் கல் அடித்தளங்கள், மேலே 1925இல் கட்டிய கலங்கரை விளக்கம். அதன் பக்கத்தில் நான்கு பஃபின் பறவைகளைப் பார்த்தோம். இன்னும் நிறையப் பார்க்க மாலையில் வரச் சொன்னார் அங்கே நின்ற ஒருவர். மேயில் இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருப்பதால், வற்றம் மாலையில் வரும் நாளாகப் பார்த்தால் அதுவும் நடக்கும்.

மூன்று நாள் கையில் இருக்கிறவர்கள் ஹோயை முதல் நாளுக்கு வையுங்கள், காற்று தடுத்தால் தள்ளிவைக்க இடம் இருக்கும். ஒரு நாள்தான் என்கிறவர்கள், தங்கும் இடத்தை முடிவு செய்யும் முன்பே வற்ற அட்டவணையைப் பாருங்கள். நாங்கள் நாலே காலுக்குள் இக்கரைக்கு வந்துவிட்டோம். ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள், நடந்து வந்த பாதையின் நடுப்பகுதியைத் தண்ணீர் மூடியிருந்தது.