பாம்பன் உப்புக்காத்துல ஒரு தையல் மெஷின்: வருசக்கணக்கா ஓட்டிப் பாத்த அனுபவம்

மதினி ஒருத்தவுக போன் போட்டாக, நீ வச்சிருக்கிற அதே தையல் மெஷின் ஆபர்ல ரெண்டாயிரத்துக்கு மேல கொறைஞ்சு கெடக்கு, வாங்கவா வேணாமா, ஒரே வார்த்தைல சொல்லுன்னு. ஒரே வார்த்தைல முடியிற விசயமா இது. அதுவும் மெஷின் இப்பத்தான் ராம்நாட்டு (ராமநாதபுரம்) மெக்கானிக்கிட்ட இருந்து திரும்பி வந்திருக்கு, எனக்கு இன்னும் கோவம் ஆறல. அதனால முழுசா எழுதிடுறேன், கடக்கரைல குடியிருக்கிற வேற யாருக்காவது உதவட்டும்.

மேசை மேல வச்சு தைக்கிற கரண்டு மெஷின், ஜிக்ஜாக் போடும், பாபினை (அடிநூல் சுத்தி வைக்கிற உருளை) முன்பக்கம் சின்னக் கதவைத் தொறந்து போடுற மாடல். மத்த விவரம் எல்லாம் டப்பாவுலயே இருக்கு. கம்பெனி பேரு சொல்லப் போறதில்ல, இதே அமைப்புல யாரு மெஷின் வாங்குனாலும் எங்க ஊர் காத்துக்கு இதே கதிதான்.

மொதல்ல நல்லத சொல்லிடுறேன், இல்லாட்டி அந்த மெஷினுக்குப் பாவம். தையல் அம்புட்டு அழகு. 2019 ஜனவரில பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததுல இருந்தே துணிப்பை கேக்குற ஆளுக கூடிப் போச்சு, 2021 டிசம்பர்ல கவர்மெண்டு மீண்டும் மஞ்சப்பைன்னு ஆரம்பிச்ச பிறகு கல்யாண வீட்டுக்காரவுக தாம்பூலப் பையக்கூட துணிலதான் வேணும்னு கேக்குறாக. பைக்கு கைப்பிடி வச்சுத் தைக்கிற எடத்துல துணி நாலு மடிப்பு அஞ்சு மடிப்பு ஆயிரும், இந்தச் சின்ன மெஷின் அங்கன மூச்சு வாங்கும்னுதான் நெனச்சேன், ஆனா 16ஆம் நம்பர் ஊசி போட்டு சக்கரத்த கையால மெதுவா சுத்தி மொத ரெண்டு குத்து எறக்கி விட்டுட்டா மீதிய அதுவே இழுத்துக்கிட்டுப் போயிருது. பழைய நூல் சேலைய மடிச்சு மடிச்சு பச்சப்புள்ளைக்கு விரிப்பு தைக்கிறோம்ல, அதுக்கு 14 போதும், ஒரு எடத்துலயும் தையல் விட்டுப் போனதில்ல. துணி ஓரத்துல நூல் பிரியாம இருக்க ஜிக்ஜாக் ஓட்டி விட்டா ஓவர்லாக் கடைக்கு நடக்குற வேலை மிச்சம்.

ஆனா நா உண்மையிலேயே சந்தோசப்பட்டது பனை ஓலைல. இது ஓலையவும் தைக்கும்னு டப்பாவுலயும் எழுதல, வித்த கடைக்காரரும் சொல்லல. சாயல்குடிப் பக்கம் ஒரு அக்கா ஓலைக் கொட்டான் (சின்னக் கூடை) முடைஞ்சு தருவாக, அதோட வாயில துணிப்பட்டி வச்சுத் தச்சா கைல ஓலை கிழிக்காது, பாக்கவும் லட்சணமா இருக்கும். முன்னாடி இத கோணி ஊசியில கையாலதான் தச்சுக்கிட்டு இருந்தேன், ஒரு கொட்டானுக்கே ஒரு மதியம் போயிரும், வெரலு புண்ணாயிரும். இந்த மெஷின்ல கீழ இருக்கிற சாமான் பெட்டிய உருவிட்டா சட்டைக் கை தைக்கிற மாதிரி மெலிசான பாகம் நிக்கும், கொட்டான அதுல மாட்டி சுத்திச் சுத்தி ஓட்டிறலாம். தையல் நீளத்த 4ல வைக்கணும், அதான் முக்கியம். 2ல வச்சா ஊசி ஓட்டை நெருங்கி விழுந்து ஓலை தபால் தலை கிழியிற மாதிரி அப்டியே கோடா பிரிஞ்சு வந்துரும். ஓலைக்கு மேலயும் கீழயும் துணி வர்ற மாதிரி பட்டிய மடிச்சு வைக்கணும், அப்பத்தான் கீழ இருக்கிற பல்லு ஓலையக் கீறாது. காஞ்ச ஓலை ஊசி பட்டதும் வெடிக்கும், அதனால தைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஈரத்துணில சுத்தி வச்சு பதமாக்கிக்கணும். (இந்த ஈரம் பின்னாடி என்ன பாடு படுத்துதுன்னு சொல்றேன்.)

அந்தக் கொட்டானுக்குள்ளதான் எங்க வீட்டு பரிசு எல்லாம் போகும். கல்யாணம், வளைகாப்பு, சென்னைல புது வீடு, சிங்கப்பூர்ல இருந்து லீவுக்கு வந்துட்டுத் திரும்பிப் போறவுக, எதா இருந்தாலும் கடைல வாங்கின டப்பாவ நீட்ட எனக்கு மனசு வராது. கருப்பட்டி, பனங்கற்கண்டு, கீழக்கரைல வாங்கின தொதல் இனிப்பு கொஞ்சம், இதெல்லாம் வச்சாலும் எல்லாரும் கேட்டு வாங்குறது நெத்திலிக் கருவாட்டுப் பொடிதான். பெரிய வித்தை ஒன்னும் இல்ல. தலையக் கிள்ளிட்டு சுடுதண்ணில வெரசா அலசி மணலைப் போக்கி, வெயில்ல திரும்பக் காய வச்சு, எண்ணெய் விடாம சின்னத் தீயில ஒடிச்சா படக்குன்னு ஒடியிற வரைக்கும் வறுக்கணும். அப்பறம் எங்க ஊரு முண்டு மிளகாய் (2023ல புவிசார் குறியீடு வாங்கினது, வேற மிளகாயில அந்த நெறமும் வாசமும் வராது), தோலோட பூண்டு, கருவேப்பில, கொட்டைப்பாக்கு அளவு புளி எல்லாத்தையும் தனித்தனியா வறுத்து ஆற விட்டு மிக்ஸில விட்டு விட்டு அடிக்கணும், மாவாக்கிறக் கூடாது. உப்பு போடவே வேணாம், கருவாட்டுல இருக்கிறதே போதும். வீட்டுக்குன்னா தேங்காயும் வறுத்துச் சேப்பேன், வெளியூர் போறதுல சேக்க மாட்டேன், சீக்கிரம் சிக்கு வாடை வந்துரும். கண்ணாடி பாட்டில்ல இறுக்கி மூடி, மூடிக்கு மேல எலாஸ்டிக் வச்ச துணித் தொப்பி. அந்தத் தொப்பிக்கு ஓரம் மடிச்சு வட்டமா தைக்கிறதுல இந்த மெஷின அடிச்சுக்க ஆளில்ல, வளைவுல ஒரு சுருக்கம் விழாது.

இப்ப கோவத்துக்கு வர்றேன். பாபின் கேஸ்.

முன் கதவைத் தொறந்தா உள்ள போடுறோம்ல அந்த இரும்புக் குமிழு, அதோட பக்கவாட்டுல மெலிசா ஒரு ஸ்ப்ரிங் தகடு ஒட்டியிருக்கும், அடிநூல் அந்தத் தகட்டுக்கு அடில வழுக்கிக்கிட்டுத்தான் வெளிய வரணும். மொத்தத் தையலும் அந்தத் தகடு நூலை எம்புட்டு புடிக்குதுங்கிறதுலதான் இருக்கு. எங்க ஊர்ல அந்தத் தகட்டுக்கு அடில துரு ஏறிருது. கண்ணுக்குத் தெரியாது, மேல பளபளன்னுதான் இருக்கும், ஆனா நகத்த வச்சுத் தடவுனா உள்ள நறநறன்னு இருக்கும். அம்புட்டுதான், அடிநூல் ஒரு எடத்துல வழுக்கும் ஒரு எடத்துல சிக்கும், தையல் ஒரு சாண் நல்லா வந்துட்டு திடீர்னு இறுக்கிப் புடிச்சு துணி சுருங்கும், அப்பறம் டப்புன்னு நூல் அறும். கேஸ் நல்லா இருக்கான்னு பாக்க நூலைப் புடிச்சு கேஸைத் தொங்க விட்டு லேசா ஒரு வெட்டு வெட்டணும், ஒரு அங்குலம் எறங்கி நின்னா சரி. என்னுது சில நாள் தொங்குன எடத்துலயே அசையாம நிக்கும், சில நாள் சரசரன்னு தரைக்கே போயிரும். ஸ்க்ரூவ திருகித் திருகி அதுக்குத் தலையே மழுங்கிப் போச்சு.

துருன்னா வெறும் மழைக்காலத்துத் துரு இல்ல. கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசத்துல காத்துல உப்பும் மணலும் சேந்து வரும், வாடைக்காத்து மாசத்துல ஈரம். உப்புப் படிஞ்ச இரும்பு தானா ஈரத்த இழுத்து வச்சுக்கும், தொடைச்சாலும் மறுநா காலைல பிசுபிசுன்னு இருக்கும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், ஃபேன் மூடி, பிரிட்ஜ் கதவு இதெல்லாம் துருப்பிடிக்கிறது பாம்பன்ல பொறந்த எல்லாருக்கும் பழகினதுதான், அதுக்காக மெஷினுக்குள்ள மூடி வச்ச ஒரு சாமான் இந்த வேகத்துல போகும்னு யாரு எதிர்பாப்பா. இதுல ஓலையோட ஈரம் வேற. கொட்டான் தச்ச அன்னிக்கு ஊசித் தட்டு, பாதம், ஊசி புடிக்கிற ஸ்க்ரூ எல்லாத்தையும் துடைச்சு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் தடவாம படுக்கவே மாட்டேன்.

எனக்கு ஆறாத ஒன்னு சொல்றேன். தங்கச்சி மகனுக்கு பேரு வைக்க வெள்ளை மல்துணில சின்னச் சட்டை தச்சுக்கிட்டு இருந்தேன், ராத்திரி மழை, கரண்டு போயிருச்சு, துணி பாதத்துக்கு அடிலயே இருந்துச்சு. காலைல தூக்குனா பாதம் இருந்த எடத்துல ரெண்டு ஆரஞ்சுக் கோடு, பக்கத்துல பக்கத்துல, நெஞ்சுக்கு நேரா. அப்டியே அழுகை வந்துருச்சு. பிளீச்சிங் பவுடர் போடு போகும்னு ஆளாளுக்கு சொன்னாக, போட்றாதீக, துருக் கறைல பிளீச் பட்டா இன்னும் அழுத்தமா ஏறிக்கும். எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தேச்சு வெயில்ல போடணும், காயக் காயத் திரும்பப் புழியணும். கறை போச்சு, ஆனா அந்த மல்துணி அந்த எடத்துல நஞ்சு போனது நஞ்சதுதான்.

கம்பெனிக்குப் போன் பண்ணா துருவுக்கு வாரண்டி கிடையாது, காஞ்ச எடத்துல வச்சு பயன்படுத்தணும்னு புஸ்தகத்துலயே இருக்குன்னு சொல்றாக. தீவுல காஞ்ச எடத்துக்கு நா எங்கிட்டு போவேன். கன்னியாகுமரில இருந்து சென்னை வரைக்கும் கடக்கரை ஊருகதான், அத்தன ஊர்லயும் கடை போட்டு விக்கத் தெரியுதுல்ல, ஒரு கைப்பிடிக்குள்ள அடங்குற கேஸைத் துருப்பிடிக்காத மாதிரி செஞ்சு குடுக்க என்ன கேடு. அவுக கம்பெனிலயே வெலை கூடுன மாடல்ல பாபினை மேல இருந்து போடுறாக, கேஸ் பிளாஸ்டிக்கு, அதுல தக்கனூண்டு தகடு மட்டுந்தான் இரும்பு. அப்ப செய்யத் தெரியாம இல்ல, காசு கூடக் குடுக்குறவளுக்குத்தான் குடுப்பாக போல.

ஒரிஜினல் கேஸ் ராம்நாட்டுல கேட்டா மதுரைக்குத்தான் சொல்லணும்குறாக. லோக்கல் கேஸ் சல்லிசா கெடைக்குது, ஆனா அது ஒரு நூலளவு ஆடும், கடகடன்னு சத்தம் போடும். 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயில நிறுத்துனாக, புதுப்பாலம் 2025 ஏப்ரல்லதான் தொறந்துச்சு, அந்த ரெண்டு வருசத்துக்கும் மேல இந்த மெஷின சாக்குல கட்டி பஸ்ல மடில வச்சுக்கிட்டுத்தான் சர்வீசுக்கு அலைஞ்சேன். இப்ப ரயில் ஓடுது, அந்த மட்டுக்கும் நிம்மதி.

ராம்நாட்டு மெக்கானிக் அண்ணன் தங்கமான ஆளு. இந்தத் தடவ மொத்தத்தையும் பிரிச்சு மண்ணெண்ணெய்ல கழுவி, கொக்கி ஓடுற வட்டத்துல படிஞ்சிருந்த துருவ நைசா தேச்சு எடுத்து, எண்ணெய் விட்டுக் குடுத்தாக. அவுக சொன்னத அப்டியே செய்றேன்: வேலை முடிஞ்சா பாபின் கேஸை மெஷின்லயே விடக்கூடாது, கழட்டி எண்ணெய்த் துணில சுத்தி மூடி போட்ட டப்பால, மருந்து பாட்டில்ல வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட போட்டு வைக்கணும். தேங்காண்ணெய் விடவே கூடாது, நாளாக ஆகப் பிசினா இறுகிரும். உறை போடுறதுன்னா பிளாஸ்டிக் உறை வேணாம், ஈரத்த உள்ளயே அடைச்சு வைக்கும், நூல் துணில தச்சுப் போடணும். எங்கம்மாவோட கால் மெஷினும் இதே வீட்டுலதான் இருக்கு, அதுலயும் கேஸ் துருப்பிடிக்கத்தான் செய்யுது, ஆனா எந்த சந்துக் கடைக்குப் போனாலும் அதுக்கு சரியான கேஸ் கெடைக்குது, நாமளே மாட்டிக்கலாம். இதுக்கு அது இல்ல. என்னோட கோவமே துரு மேல இல்ல, சாமான் கெடைக்காததுலதான்.

மதினி, உங்க கேள்விக்கு வர்றேன். மதுரைல கட்டிக் குடுத்த உங்க மகளுக்குன்னா நாளைக்கே வாங்குங்க, ஆபர் போறதுக்குள்ள. நம்ம தீவுல, தங்கச்சிமடத்துல உங்க வீட்டுக்குன்னா வேணாம். இம்புட்டு நல்லாத் தைக்கிற மெஷினப் போயி வேணாங்கிறாளேன்னு கேப்பீக. தைக்குது, இல்லைங்கல, ஓலையக்கூட தைக்குது. ஆனா அஞ்சுக்கு ரெண்டு ஸ்டாருக்கு மேல இன்னிக்கு எனக்குக் கை வராது. காசு கொஞ்சம் கூடப் போனாலும் பாபினை மேல இருந்து போடுற பிளாஸ்டிக் கேஸ் மாடலாப் பாருங்க, எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி, வாங்குறதுக்கு முன்னாடி அந்தக் கேஸ் ராம்நாட்டுக் கடைல தனியாக் கெடைக்குமான்னு கேட்டுட்டு காசக் குடுங்க. வளைகாப்புக்குக் கேட்ட கொட்டான் தயாரா இருக்கு, பொடி மட்டும் பாக்கி, நெத்திலி இன்னும் ரெண்டு வெயிலு காயணும்.