வினைல் வேலியும் படலையும்: கல்லடியில் நான்கு மாரி கண்ட பிறகு

வேலி நன்றாக நிற்கிறது, பாடுபடுத்தியது படலைதான். வினைல், அதாவது பிவிசி பிளாஸ்ரிக் வேலி போட நினைப்பவர்கள் இவ்விரண்டையும் தனித்தனியாகவே கணக்குப் பார்க்க வேண்டும் என்பேன். கடைக்காரர் ஒரே விலைப்பட்டியலில் சேர்த்துத் தருவதால் நாமும் ஒன்றென்றே எண்ணிவிடுகிறோம்.

எங்கள் வளவு மட்டக்களப்பின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறது. முன்பு கிளுவைக் கதியாலில் முட்கம்பி அடித்திருந்தோம். உப்புக் காற்றில் கம்பி துருவேறித் தொட்ட இடத்தில் உதிர்ந்தது. கொன்கிறீற் தூண் நட்ட பக்கத்து வளவில் உள்ளிருந்த கம்பி துருப்பிடித்துப் பருத்துத் தூணையே வெடிக்க வைத்திருந்தது. மரம் என்றால் கறையான். துருவும் இல்லை, கறையானும் தீண்டாது என்ற காரணத்துக்காகவே 2021 ஆடியில் வினைலுக்குப் போனோம். அந்த இரண்டு விடயத்திலும் இன்றுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்களுடையது தூணும் குறுக்குச் சட்டமும் கொண்ட வகை. ஐந்து அங்குலச் சதுரத் தூண்கள் எட்டடிக்கு ஒன்று, இடையில் மூன்று சட்டங்கள். எல்லாமே உள்ளே வெறுமையான பிவிசி. தூணின் துளைக்குள் சட்டத்தின் நுனி போய்க் கொழுவிக்கொள்ளும், ஆணி கிடையாது. வெயிலில் பழுதாகாமலிருக்க இந்தப் பிவிசியில் டைட்டானியம் டையொக்சைட் போதிய அளவு கலந்திருக்க வேண்டும். வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். நிறத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நடுகை பற்றிய வெளிநாட்டுக் காணொளிகள் உறைபனி ஆழத்தையே, அதாவது குளிரில் மண் உறையும் ஆழத்தையே பேசிக்கொண்டிருக்கின்றன. மட்டக்களப்பில் அதற்கு என்ன வேலை? நமக்குப் பிரச்சினை மணல். இரண்டரை அடி தோண்டுவதற்குள் குழியின் பக்கம் சரிந்துவிடுகிறது. எங்கள் மேசன் அடி வெட்டிய பழைய பெயின்ற் வாளிகளைக் குழிக்குள் இறக்கி, அதற்குள் கொன்கிறீற் போட்டார், நல்ல யோசனை. ஐப்பசிக்குப் பிறகு தொடங்கினால் குழியில் தண்ணீர் ஊறிவிடும் என்பதால் ஆடி, ஆவணியே தோதான காலம்.

ஆனால் அதே மேசன் சட்டத்தின் நுனியில் இடைவெளி விடுவது பார்வைக்கு அழகில்லை என்று ஒரு பக்கத்தை முட்ட இறுக்கிவிட்டார். எட்டடிச் சட்டம் வெப்பம் 20 பாகை கூடினால் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளும். அடுத்த வெக்கையான கச்சான் காற்றுக் காலத்தில் அந்தப் பக்கம் மட்டும் வளைந்து நின்றது. கழற்றி, நுனியை வாளால் அரிந்து, இரு முனையிலும் கால் அங்குலம் விட்டுப் பொருத்திய பிறகு நேரானது.

இனிப் படலை. அகலம் நான்கடி, மோட்டார் சைக்கிள் போய்வரும் அளவு. முதல் மாரி முடிவதற்குள் கொழுவிப் பக்கம் தாழ்ந்து தரையில் அரைபடத் தொடங்கியது. வேலித் தூண் சும்மா நிற்கிறது. படலைத் தூணோ இரவும் பகலும் ஒரே பக்கமாக இழுபடுகிறது. நான்கு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாத பிவிசிச் சுவர் அதைத் தாங்காது, திருகாணி ஏறிய இடமே உள்ளே அமுங்கும். பொருத்த வந்தவர்கள் சாதாரண வேலித் தூணையே படலைக்கும் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் பிடுங்கி, உள்ளே நாகம் பூசிய இரும்புக் குழாய் இறக்கி, சுற்றிவரக் கொன்கிறீற் நிரப்பி, இன்னும் ஆழமாக நட்டோம். படலைக்குச் சாய்வுத் தாங்கியும் போட்டோம். அது கீழ்ப் பிணைச்சல் மூலையில் தொடங்கி மேலே கொழுவி மூலையில் முடிய வேண்டும். திசை மாறினால் பாரம் மூட்டுகளை இழுத்துக் கழற்றிவிடும். அதன் பிறகு சரிவு இல்லை.

பிணைச்சலில் கஞ்சத்தனம் வேண்டாம். கூட வந்தவை துருவை ஒழுகவிட்டு வெள்ளைத் தூணில் கபிலக் கோடு போட்டன. தேசிப்புளி தேய்த்தால் கோடு போகும். பிணைச்சல் மாற்றினால்தான் திரும்ப வராது. கடற்கரைக்கு 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே பொருத்தம். 304 தரம்கூடக் காலப்போக்கில் பழுப்பேறுகிறது.

இது எதைத் தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஆடு சட்டங்களுக்கிடையே தலைகுனியாமலே உள்ளே வருகிறது. கட்டாக்காலி மாடு கழுத்தை உரசினால் சட்டம் துளையை விட்டுக் கழன்று விழுகிறது. உட்புறமாகக் கம்பிவலை கட்டி, அதையொட்டிச் செவ்வரத்தை நட்டோம். செவ்வரத்தை வளர்ந்த பிறகுதான், தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் நம் முற்றம் காட்சிப் பொருளாகிவிட்டது என்ற அம்மாவின் முறைப்பாடும் ஓய்ந்தது. கிடுகு வேலியின் மறைப்பு இதில் இல்லைதான். ஆனால் 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை இன்னும் பேசுகிற ஊரில், காற்றை மறித்து நிற்கும் முழு மறைப்புப் பலகையை விடக் காற்றை ஊடே போகவிடும் இந்த வகையே மேல் என்பது என் எண்ணம். அப்பேர்ப்பட்ட காற்றை இது தாங்கும் என்று எவராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

பராமரிப்புக் குறைவு. மாரியில் வடக்குப் பக்கம் பச்சைப் பாசி படியும். சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். குப்பை கொளுத்துவதை மட்டும் வேலியோரம் செய்யக் கூடாது, சூட்டில் பிவிசி உருக்குலைந்துவிடும். தூண் மூடிகளைப் பசை வைத்து ஒட்டுவது அவசியம். மூடி பறந்த தூணுக்குள் மழைநீர் தேங்கி நுளம்பு பெருகும். டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பூச்சட்டியைப் பார்ப்பதுபோல் அதையும் எட்டிப் பார்ப்பார்.

வாங்கும்போதே இரண்டு சட்டமும் சில மூடிகளும் மேலதிகமாக எடுத்து வையுங்கள். 2022 பொருளாதார நெருக்கடி நேரத்தில் தென்னோலை மட்டையோடு விழுந்து எங்கள் மேற்சட்டம் ஒன்று வெடித்தது. கடையில் அந்த அளவு இல்லை, எப்போது வரும் என்றும் தெரியவில்லை. பல மாதம் கமுகஞ் சலாகை கட்டியே சமாளித்தோம். பின்னர் வந்த சட்டம் அளவில் சரியாக இருந்தது. வெள்ளைதான் கொஞ்சம் வேறு வெள்ளை.